விசிறிக்கு அடியில் ஒரு குரல்

கொட்டாஞ்சேனையில் கலியாண வீடானாலும் செத்த வீடானாலும் கிளறன்சின் கெமரா வராமல் நடக்காது. முன் கெமரா அவருடையது. பின் கெமரா மனைவி பிறிஜெற்றின் கையில் இருக்கும். ஆஸ்துமாக்காரி, ஆனாலும் அவள் எடுத்த படம் ஆடியதில்லை. ஒரே மகள் சுரேகாவின் கலியாணத்தையும் இருவருமாகத்தான் எடுத்தார்கள். அடுத்த மழைக்காலம் முடியுமுன் அந்தப் பாழாய்ப்போன மூச்சு அவளைக் கொண்டுபோய்விட்டது.

அன்று தொடக்கம் பிறிஜெற் தன் பழைய மடிக்கணினிக்குள் இருப்பதாகவே கிளறன்ஸ் நம்பினார். வேலை கூடினால் அதன் விசிறி இழுக்கத் தொடங்கும். முதலில் மெல்லிய சீழ்க்கை, பிறகு நெஞ்சைப் பிளக்கும் இழுப்பு. "மெல்ல, பிறிஜெற், மெல்ல" என்று அதைத் தடவிக்கொடுப்பார். மகளின் கலியாணப் படத்தைத் திறந்தால் மட்டும் இழுப்பு உச்சத்துக்கு ஏறி, பெட்டியே அணைந்துவிடும். இரண்டு வருடமாக இதே கதை. அவள் முடிக்க விடுகிறாள் இல்லை என்று நினைத்துக்கொள்வார். உள்ளுக்குள் அதில் ஓர் ஆறுதலும் இருந்தது.

மெல்பேர்னிலிருந்து சுரேகா அழுதாள். "டடா, மம்மிட ரெண்டாம் ஆண்டுப் பூசைக்கு முந்தியாவது என்ட வெடிங் வீடியோவ அனுப்புங்க. ஊர்ச் சனத்துக்கெல்லாம் செஞ்சு குடுக்கிறீங்க. நான் என்ன பாவம் செஞ்சனான்?"

அந்த அழுகை தாங்காமல்தான், படத்தைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, வெள்ளிக்கிழமை பகல் வெள்ளவத்தையில் ராசிக்கின் கணினிக் கடைக்கு வந்தார். புதுப்பெட்டி வாங்கினால் பிறிஜெற்றும் போய்விடுவாளோ என்ற பயம் வழி முழுக்க அவரோடு வந்தது.

ராசிக் இரண்டு மடிக்கணினிகளை அருகருகே வைத்தான். "அண்ணே, கொம்பனி ஒண்டு, ஸ்க்ரீன் ஒண்டு. புரொசசர்தான் வேற. இது எச். முரட்டு மாடு. கரண்ட் குடிக்கும், சுடும், கத்தும். ஆனா வேலைய அடிச்சு முடிக்கும். மத்தது யு. சாதுவான ஆள், கொஞ்சம் மெதுவு. சல்லியும் எழுபதாயிரம் கொறவு."

"எடிட்டிங்குக்கு எது நல்லம்?"

"கேக்கவும் வேணுமா? கண்ண மூடிட்டு எச் பெட்டிய எடுங்க."

"கண்ண மூடிட்டுச் செய்யிற தொழிலா தம்பி என்ட தொழில்?"

ராசிக் சிரித்தான். ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது. "அப்ப ரெண்டுலயும் உங்கட படத்த ஓட்டிப் பாருங்க. நான் தொழுதுட்டு வாறேன்" என்று ஷட்டரை நிலம்வரை இறக்கிவிட்டுப் போனான். காலி வீதியின் இரைச்சல் வெளியே நின்றுவிட்டது.

கிளறன்ஸ் எச் பெட்டிக்குப் படத்தை மாற்றிச் சேமிக்கும் வேலையைக் கொடுத்து, கூடவே படத்தையும் ஓடவிட்டார். விசிறி எழுந்தது. அதே சீழ்க்கை! அதே இழுப்பு! அவர் பெட்டியை நோக்கிக் குனிந்தார். "இதுக்குள்ளயும் வந்திட்டியா?" என்றார். பழைய பெட்டி அணைந்துவிடும் இடத்தையும் தாண்டிப் படம் ஓடியது. பாதிப் படம் பார்ப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. வேகமும் உண்டு, பிறிஜெற்றும் உண்டு. எழுபதாயிரம் என்ன பெரிய காசு?

என்றாலும் வந்ததற்கு மற்றதையும் பார்ப்போமென்று யு பெட்டியிலும் அதே வேலையைக் கொடுத்து, படத்தையும் ஓடவிட்டார். அது ஆமைபோல ஊர்ந்தது. விசிறி முணுமுணுக்கக்கூட இல்லை. பூட்டிய கடைக்குள் ஒரு மயான அமைதி.

அந்த அமைதிக்குள் யாரோ மூச்சு இழுத்தார்கள்.

விசிறியல்ல. படத்துக்குள்ளிருந்து. இன்ஹேலர் ஒருமுறை புஸ்ஸென்றது. பிறகு, கெமராவுக்குப் பின்னால் நின்ற பிறிஜெற் தனக்குள் முணுமுணுத்தாள்: "கோட்டும் சூட்டும் நடையும்... பாரன், இப்ப அழப்போறார். ஆண்டவரே, நான் இல்லாட்டி என்ட மனுசன ஆரு பாக்கிறது?"

திரையில், தன் கெமராவை வைத்துவிட்டு மகளைக் கைபிடித்து வந்த கிளறன்ஸ் அழுதார். திரைக்கு முன்னாலும் அழுதார்.

எந்தக் கலியாணப் படமானாலும் கெமராவில் விழுந்த சத்தத்தை அணைத்துவிட்டுக் கோயில் பாட்டைப் போடுவதுதான் அவருடைய தொழில்முறை. இந்தப் படத்தில் அதுவரைகூட அவர் போனதில்லை. திறந்த கணமே விசிறி அலறத் தொடங்கிவிடும். இரண்டு வருடம் வெறும் காற்றாடியை அல்லவா தடவிக்கொடுத்திருக்கிறார்! அதன் கூச்சலுக்கு அடியில் அவள் பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

ஷட்டர் மேலேறியது. "என்ன அண்ணே, பேயறைஞ்ச மாதிரி ஈக்கிறீங்க? எச் பெட்டியத்தானே கட்டுறது?"

"யு பெட்டியத் தாங்க."

"அது மெதுவு அண்ணே! பொறகு எனக்கு ஏசப்படாது."

"மெதுவா இருக்கட்டும் தம்பி. மற்றது கத்துது. அவ கதைக்கிறது கேக்குதில்ல."

ராசிக் கடையின் நான்கு மூலைகளையும் பார்த்தான். "எவ, அண்ணே?" என்று கேட்டபோது அவன் குரல் தாழ்ந்திருந்தது.

ஆண்டுப் பூசைக்கு முன்பே படம் மெல்பேர்ன் போய்ச் சேர்ந்தது. கிளறன்ஸ் செய்த கலியாணப் படங்களில் பாட்டுப் போடாத படம் அது ஒன்றுதான். மறுநாள் சுரேகா தொலைபேசியில் வந்தாள். "டடா" என்றவள் விம்மத் தொடங்கினாள். அவர் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார். கடலுக்கு அப்பாலிருந்து, மகளின் விம்மலுக்குப் பின்னால், அங்கே ஓடிக்கொண்டிருந்த படத்துக்குள் பிறிஜெற் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள்.