வெறுங்காலில் ஜீப் ஓட்டியவர்

பிள்ளைகளா, உங்களில் மூத்தவள் பிறந்த அன்று உதவிய ஜீப் டிரைவரின் பெயர் எனக்குத் தெரியாது. நான் வேலை பார்த்த சுரங்கத்தில் மைன்ஸ் துரையின் ஜீப்பை ஓட்டியவர். நரைத்த மீசை, காக்கிச் சட்டை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில்தான் ஓட்டுவார்.

அன்று அடைமழை. சுரங்கத்தை ஒட்டிய பாலகாட் ரோடு முழுக்கச் சேறு. ஜட்கா வண்டிக்காரன் வர மறுத்துவிட்டான். ரோட்டோரத்தில் உங்கள் அம்மா பிரசவ வலியில் துடித்தாள். காலியாக வந்த ஜீப்பை அவரே நிறுத்தினார்.

"இன்னா பாக்கிற? தங்கச்சிய ஏத்துப்பா."

"துரை வண்டியாச்சேண்ணே. உங்க வேலைக்கு எதனா ஆயிடப்போவுது."

"சண்டைக்குன்னு செஞ்ச வண்டி இது. சேத்துல பூந்து அடிபட்டவங்கள தூக்கினு வந்துச்சி. துரைங்க ஏறினதெல்லாம் அப்புறம்தான்."

கியரை மாற்றினார். நாலு சக்கரமும் சேற்றைப் பிடித்து ஏறின.

"செருப்பு போட்டா வண்டி பேசறது கால்ல கேக்காதும்மா" என்றார். அந்த வலியிலும் உங்கள் அம்மா சிரித்தாள். ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, நான் கும்பிடுவதற்குள் போய்விட்டார்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வரும்போது, ஆபீஸ் முன்னால் அந்த ஜீப் ஆளில்லாமல் நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, பெடலில் கால் வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பின்சீட்டடியில் எங்கள் காலடிச் சேறு காய்ந்து கிடந்தது. துரை பார்ப்பதற்குள் அதைத் துண்டால் துடைத்துவிட்டு இறங்கினேன்.