செண்பகராஜ் அண்ணாச்சியும் சீனத்து டிராகனும்

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்த செண்பகராஜ் அண்ணாச்சி, மழை என்ற சொல்லை வாயால் சொல்லமாட்டார். சொன்னால் வந்துவிடுமாம். மருந்தில் முக்கியெடுத்த தீக்குச்சி காய வெயில் வேண்டுமே. "அது வாரமாரி இருக்கு" என்பார். மற்றபடி பூனை குறுக்கே போனாலும் சிரித்துக்கொண்டே நடப்பவர்.

1998 புரட்டாசியில் நாக்பூரிலிருந்து அவருக்கு ஓர் ஆர்டர் வந்தது. அவர் ஆயுசிலேயே பெரிய ஆர்டர். பத்து நாளில் லாரி ஏற்றாவிட்டால் கைநழுவிவிடும். அதற்கென்று அண்ணாச்சி புது லேபிள் கேட்டார். லேபிள் வரைகிறவன் நான். நெருப்புக் கக்கும் டிராகனைவிடத் தீப்பெட்டிக்குப் பொருத்தமாக எது இருக்கிறது? மதுரையில் ஒரு சைனீஸ் ஓட்டல் மெனு அட்டையைப் பார்த்து வரைந்தேன். அதில் வாய்ப்பக்கம் மேகம்தான் இருந்தது. நெருப்பு என் கைங்கரியம்.

லேபிள் ஒட்டிய அன்று மாலையே மழை பிடித்தது. ஐந்து நாள் விடவில்லை. குச்சியெல்லாம் நமுத்துப்போனது. பக்கத்து வீட்டு டீச்சர் தீபலட்சுமி பள்ளிக்கூடத்துப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். நெருப்புக் கக்குவது வெள்ளைக்காரன் டிராகனாம். சீனாக்காரனுடையது மேகத்தில் குடியிருந்து மழை பெய்விக்கிற சாமியாம். அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையில் நமுத்த குச்சியும் பற்றியிருக்கும்.

லேபிளைக் கிழிக்கப் போனால், அவர் மச்சினன் சோலைச்சாமி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். எட்டயபுரத்துப் பக்கம் கரிசலில் உளுந்து விதைத்திருந்தவன். சாம்பிள் பெட்டி ஒன்றை ஊரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சூடம் காட்டுகிறார்களாம். சூடத்தைக் கொளுத்தியது வேறு கம்பெனித் தீப்பெட்டியில்.

அண்ணாச்சி விடவில்லை. அதே புத்தகத்தில் வழியும் இருந்தது. வெள்ளைக்காரன் கதையில் குதிரைமேல் ஒரு வீரன் வந்து ஈட்டியால் டிராகனைக் குத்திக் கொல்கிறான். "அவனையும் சேத்துப் போடும்வே" என்றார். போட்டேன். எனக்கு வெள்ளைக்கார முகம் வராது. மீசை பெரிசாகிவிட்டது, கண்ணும் கொஞ்சம் உருண்டுவிட்டது.

புது லேபிளைப் பார்த்ததும் சோலைச்சாமி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கும்பிட்டான்.

"எங்க கம்மாக்கரை அய்யனாரையும் கூட்டியாந்துட்டீங்களே அத்தான்."

மழை வேண்டி அவன் ஊரே பொங்கல் வைக்கிற சாமி அது. அண்ணாச்சி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

அடுத்த இரண்டு நாள் பெய்த மழையில் கண்மாய் உடைந்து விருதுநகர் ரோட்டை அறுத்துக்கொண்டு போனது. மறுநாள் லாரி ஆபீஸிலிருந்து போன் வந்தது. வண்டி விருதுநகரிலேயே நிற்கிறது, வர எட்டு நாளாகும், நாக்பூர்க்காரரும் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார் என்றார்கள். குச்சி காய நாலு நாள் வெயில் போதும்.

அண்ணாச்சி போனை வைத்துவிட்டு வாசலில் இறங்கி நனைந்துகொண்டே நின்றார்.

"நல்ல மழைவே" என்றார்.

அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வெயிலுக்கு எந்த ஊர்ச் சாமின்னு டீச்சர்ட்ட கேட்டு வையும். ஆனா படம் நீரு வரையாதீரும்."