கால் டொலரில் அழிந்த ஆண்டு

நாணயத்தைப் பற்றி எழுதும்போது நினைவை மட்டும் நம்புவது முறையன்று. ஆதலால், கண்ணால் கண்டதையும் பின்னர் நூல்களோடு ஒப்புநோக்கி உறுதிசெய்ததையும் மட்டுமே சொல்கிறேன்.

கனடாவின் மொன்றியல் நகரில் எங்களோடு குடியிருந்த சித்தப்பா, ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையொன்றில் வேலைசெய்தார். அமெரிக்காவின் பழைய வெள்ளி நாணயங்களைச் சேர்ப்பார். நெடுநாள் தேடிக் கால் டொலர் ஒன்று வாங்கியிருந்தார். அதில் கேடயம் ஏந்திய பெண் நிற்பாள். அவள் நிற்கும் படியில் ஆண்டு இருக்கும். அந்த எண்கள் புடைப்பாக இருந்தமையால் விரைவில் தேய்ந்தன. பின்னாளில்தான் பள்ளத்தில் பொறித்தார்கள். சித்தப்பாவின் நாணயத்தில் கடைசி எண் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அது ஆறானால் 1916: மிகச் சிலவே அச்சிடப்பட்ட முதலாண்டு. ஆண்டுவாரியாக நாணயம் பதிக்கும் அவருடைய தொகுப்பு அட்டையில் 1916, 1917 என்ற முதலிரண்டு குழிகளும் வெறுமையாக இருந்தன.

நவராத்திரிக்கு வெள்ளிச் செம்பையும் குங்குமச் சிமிழையும் திருநீறிட்டுத் துலக்கிய அம்மா, மேசையில் கிடந்த நாணயத்தையும் சேர்த்துத் துலக்கிவிட்டார்.

“கறுத்துப்போய்க் கிடந்தது தம்பி. இப்ப பாருங்கோ.”

“உன்ர காசு முழுகிப்போட்டு வந்திருக்கடா,” என்றார் அப்பா.

சித்தப்பா நாணயத்தை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தார். பெண் நிற்கும் படி எண்ணின்றி வழுவழுத்திருந்தது.

“ஏதும் பிழை விட்டுட்டனோ?” என்றார் அம்மா.

“இல்லை அண்ணி. ஆண்டு முதலே இல்லை.”

“ஆறு இருந்தது. நான் கண்டனான்,” என்றேன்.

“நீ கண்டது ஊத்தை, பிள்ளை.”

நான் விடவில்லை. பள்ளி விட்டு வந்த ஒவ்வொரு மாலையும் உருப்பெருக்கியும் சித்தப்பாவின் நூல்களுமாக உட்கார்ந்தேன். 1917இன் நடுவில் வடிவத்தை மாற்றியபோது பெண்ணின் மார்பைக் கவசத்தால் மூடி, பின்புறத்துக் கழுகின் கீழ் மூன்று நட்சத்திரங்களை வைத்தார்கள். இதில் கழுகின் கீழ் நட்சத்திரம் இல்லை. ஆகவே ஆண்டு 1916 அல்லது 1917. கூந்தலும் ஆடை மடிப்பும் இரண்டையும் பிரித்துக் காட்டும். அவையோ முன்பே தேய்ந்து, இப்போது முற்றும் மழுங்கியிருந்தன.

“பதினாறு, இல்லாட்டிப் பதினேழு,” என்று சித்தப்பாவிடம் அறிவித்தேன்.

“அப்ப பதினேழிலை வை.”

“தெரியாமல் எப்பிடி வைக்கிறது?”

“வை எண்டுறன்.”

நான் அசையவில்லை. அவரே வாங்கி, இரண்டாம் குழியில் வைத்து அழுத்தினார். குசினி வாசலில் அம்மா நின்றிருந்தார். பிறகு உள்ளே போய்ச் சட்டி கழுவத் தொடங்கினார். இத்தனை எளிதில் தேடலைக் கைவிட்டாரே என்று சித்தப்பாமேல் எனக்குக் கோபம். அவர் யாருக்காகக் கைவிட்டார் என்று எண்ணிப்பார்க்கும் வயதில்லை.

அந்த நாணயத்தின் ஆண்டு தெரியாது. அம்மா அவரை நம்பினாரா என்பதும் தெரியாது.