மதகுத் தாத்தாவின் விண்ணப்பம்

அந்த விண்ணப்பத் தாள் மங்கிய பழுப்பு நிறம். மட்டமான காகிதம், பேனாவைச் சற்று அழுத்தினால் மை பின்பக்கம் ஊறிவிடும். பெயர், தகப்பனார் பெயர், வயது, தொழில், நிலபுலன் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து, நடுவில் ஓரிடத்தில் 'ஆண் வாரிசு' என்று அச்சடித்து, எதிரே ஒரு கோடு விட்டிருந்தார்கள். அந்தக் கோட்டின்மேல் நான் 'இல்லை' என்று எழுதினேன். குண்டு குண்டாக, அழகாக எழுதினேன். என் கையெழுத்தைப் பற்றி எனக்கு அந்த வயதில் ரொம்பப் பெருமை உண்டு.

எண்பதுகளின் தொடக்கம் அது. உத்திரமேரூரிலிருந்து திருமுக்கூடல் போகிற வழியில் உள்ள ஓர் ஊருக்கு நான் மருமகளாக வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. படித்திருந்ததால் பள்ளிக்கூடத்துச் சத்துணவு மையத்தில் அமைப்பாளர் வேலை கிடைத்தது. ஊரில் எல்லாரும் என்னை டீச்சரம்மா என்றே கூப்பிட்டார்கள். நான் பாடம் எடுக்கவில்லை, அரிசி பருப்பைத்தான் பார்த்துக்கொண்டேன் என்றாலும், அந்தப் பெயரை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கொஞ்ச நாளில், முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்களும் மதியம் மையத்திலேயே வந்து ஒரு வேளை சாப்பிடலாம் என்று உத்தரவு வந்தது. பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்த பிறகு பெரியவர்களின் பந்தி. முதலில் நாலு பேர் கூச்சத்தோடு வந்தார்கள். ஆறு மாதத்தில் ஒன்பது பேர் ஆனார்கள்.

சாப்பாட்டுக்காகத்தான் அவர்கள் வருகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் புரிந்தது, சாப்பாடு அரை மணி நேரம், அதற்குப் பிறகு புங்கமரத்தடியில் பேச்சு இரண்டு மணி நேரம். தட்டைக் கழுவி வெயிலில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு கிழவி முந்தின நாள் இரவு வந்த கனவைச் சொல்லுவாள். இன்னொருத்தி அதற்குப் பலன் சொல்லுவாள். வீட்டில் தனியாகக் கிடந்து, வாரக்கணக்கில் யாரோடும் நாலு வார்த்தை பேசாமல் இருந்தவர்கள் அவர்கள். ஊர்க்காரர்கள் ஒரு வரிசையாகவும் காலனிக்காரர்கள் ஒரு வரிசையாகவும்தான் சாப்பிட உட்காருவார்கள். அதை மாற்றும் துணிச்சல் எனக்கு இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மரத்தடிக்குப் போனதும் வரிசை கலைந்துவிடும்.

அந்தப் பேச்சின் நடுநாயகம் மதகுத் தாத்தா. காலனிக்காரர். முப்பது வருடத்துக்கு மேல் ஏரி மதகைத் திறந்து மூடி, எந்தக் கழனிக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பார்த்தவர் என்பதால் அந்தப் பெயர். மதகுப் பலகையைத் தூக்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பு போனதோடு வேலையும் போயிற்று. அவர் மனைவி எப்போதோ இறந்துவிட்டார். ஒரே மகன். பதினேழு வயதில் அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு மெட்ராஸுக்கு லாரி ஏறியவன், எட்டு வருடமாக வரவில்லை. கடுதாசியும் கிடையாது. யாராவது கேட்டால் தாத்தா முகத்தில் எந்த வருத்தமும் காட்டாமல், "எம் புள்ள மெட்ராஸ்ல கீறான். வேலைல கீறான்" என்பார். கேட்டவர் அடுத்த வாரம் மறந்துபோய் மறுபடி கேட்டாலும் அதே பதில்தான்.

அவருக்கு விண்ணப்பம் எழுதியது நான்தான். வயது வந்த மகன் இருந்தால் உதவித்தொகை கிடையாது என்பது அப்போதிருந்த விதி. எட்டு வருடமாக எட்டிப் பார்க்காத மகன் எந்தக் கணக்கில் மகன் என்று எனக்குக் கோபம். மெட்ராஸில் இருக்கிறான் என்று எழுதினால் தாத்தாவுக்குச் சோறு கிடையாது. 'இல்லை' என்று எழுதினால் கிடைக்கும். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் வேண்டாம் என்பார் என்று உள்ளுக்குள் தெரிந்துதான் சொல்லவில்லை. "அல்லாம் எய்திட்டியாம்மா?" என்று கேட்டார். "எழுதிட்டேன் தாத்தா" என்று மைப் பெட்டியை நீட்டினேன். கட்டை விரலை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, கவனமாக உருட்டி ரேகை வைத்தார். இந்த ஊருக்கு நான் செய்த முதல் நல்ல காரியம் என்று அன்று வீட்டில் பீற்றிக்கொண்டது நினைவிருக்கிறது.

எங்கள் மையத்தில் சமைத்த அக்கா, பானையில் சோறு தீர்ந்துபோனால் ஒருநாளும் தீர்ந்துவிட்டது என்று சொன்னதில்லை. "நெறைஞ்சிடுச்சி டீச்சரம்மா" என்பாள். அரிசி மூட்டை காலியானாலும், உப்புச் சாடி காலியானாலும் நிறைந்துவிட்டதுதான். இருக்கிற வீட்டில் இல்லை என்கிற பேச்சு வரக் கூடாது என்பது அந்தப் பக்கத்துப் பழக்கம். என் பிறந்த வீட்டிலும் அப்படித்தான். உப்புக்கே அப்படி என்றால், உயிரோடு இருக்கிற பிள்ளையை யாராவது இல்லை என்பார்களா? இந்தக் கேள்வி எனக்கு அப்போது தோன்றவே இல்லை. தாளில் எழுதுவது வேறு, வாயால் சொல்வது வேறு என்று நினைத்துவிட்டேன்.

இன்னொன்றும் எனக்குத் தெரிந்தே இருந்தது. காலனி அம்மனுக்கு ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது, வளர்ந்த ஆண் ஒவ்வொருவருக்கும் தலைக்கு ஒரு படி கேழ்வரகு கொடுக்க வேண்டும். மதகுத் தாத்தா வருடா வருடம் இரண்டு படி கொடுப்பார். அவர் தலைக்கு ஒன்று, மகன் தலைக்கு ஒன்று. "ஊர்ல இல்லாதவனுக்கு எதுக்கு தாத்தா" என்று யாரோ கேட்டதற்கு, "ஊர்லதான் இல்ல, ஒலகத்துல கீறான் இல்ல" என்றாராம். சமையல்கார அக்கா இதைச் சொன்னபோது நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இரண்டு வருடம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடியது. தாத்தாவுக்கு உடம்பில் சதை பிடித்தது. மழை நாளில் ஏரி எத்தனை அடி என்று எல்லாரும் அவரைத்தான் கேட்பார்கள். அவரும் காலையிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்து, சாப்பாட்டுக்கு நடுவில் பெரிய மனிதராகச் சொல்லுவார். ஒருநாள் மதியம், பெரியவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான். இருக்கிறவர்கள் எல்லாரும் உண்மையான ஆட்களா என்று பார்க்க வேண்டியது அவர் வேலை. எங்கள் முதியோர் பதிவேட்டை வாங்கி, விண்ணப்பத்திலிருந்து நான் எடுத்து எழுதியிருந்த விவரங்களை ஒவ்வொருவராகச் சத்தமாகப் படித்தார். பெயர் வந்தவர்கள் இடது கையைத் தூக்கினார்கள். தாத்தாவின் முறை வந்தது. பெயர், வயது எழுபது, மனைவி காலம் சென்றார், ஆண் வாரிசு இல்லை.

தாத்தா தூக்கிய கையை இறக்கினார். "யாருக்கு சார் இல்ல?" என்று கேட்டார்.

"உங்களுக்குத்தான் பெரியவரே."

"எனக்குப் புள்ள கீறான் சார்."

அதிகாரி என்னைப் பார்த்தார். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த கிழவி, ஊர்க்காரி, சட்டென்று குறுக்கே பேசினாள். "அவருக்குக் காது சரியா கேக்காது சார். இன்னாவோ சொல்லிக்கினு கீறாரு, நீங்க அடுத்த பேரப் படிங்க." அவள் எதற்காகச் சொன்னாள் என்று அங்கிருந்த எல்லாருக்கும் புரிந்தது. அதிகாரிக்கும் புரிந்திருக்க வேண்டும். அவர் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தைத் திருப்பப் போனார். தாத்தா பேசாமல் இருந்திருந்தால் அத்தோடு போயிருக்கும்.

அவர் தரையில் கையை ஊன்றி மெல்ல எழுந்து நின்றார். "காது நல்லாதான் கேக்குது சார். எம் புள்ள மெட்ராஸ்ல கீறான்" என்று சொல்லி, மகனின் பெயரையும் சொன்னார். அவன் பெயரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு உட்கார்ந்து, தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே சொம்புத் தண்ணீரை ஊற்றி அதிலேயே கையைக் கழுவினார். ஒரு பருக்கை சிந்தவிடாத மனிதர் அவர்.

அன்று சாயங்காலம் காலனிக்குப் போனேன். ஊருக்கு வந்த நாலு வருடத்தில் அந்தத் தெருவுக்குள் நான் கால் வைத்தது அன்றுதான். தாத்தா வாசலில் குந்தி விறகு பிளந்துகொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"நல்லதுக்குத்தான் எழுதினேன் தாத்தா" என்றேன்.

"நல்லதுக்குத்தாம்மா எய்தின. நான் வேற இன்னா சொல்லப் போறேன்" என்றார். பிளந்த விறகை ஓரமாகத் தள்ளினார். "ஆனா ரெண்டு வருசமா எம் புள்ள இல்லன்னு சொல்லிட்டு நான் சோறு துன்னுக்கினு இருந்துக்கீறேன். அது எனக்கே தெரியல பாரு. அவன் எங்கனா நல்லா இருக்கணும்னு அம்மன வேண்டிக்கினே, இங்க வந்து இதத் துன்னுக்கினு இருந்துக்கீறேன். மாத்தி எய்திடும்மா."

"மாத்தினா உங்க பேரே போயிடும் தாத்தா."

"போவட்டும்."

மறுநாளே மாற்றி எழுதினேன். அவர் கேட்டதற்காகத்தான் எழுதினேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை அல்ல. அதிகாரி என்னைப் பார்த்த பார்வையில் என் வேலைக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று பயந்துபோயிருந்தேன். பத்து நாள் பொறுத்து, தாத்தாவின் மனசு ஆறியபின் இன்னொரு தடவை கெஞ்சிப் பார்த்திருக்கலாம். வழி ஏதாவது இருக்கிறதா என்று உத்திரமேரூர் போய் யாரிடமாவது விசாரித்திருக்கலாம். நான் எதுவும் செய்யவில்லை. என் பக்கம் சுத்தமானால் போதும் என்று இருந்துவிட்டேன்.

உதவித்தொகை நின்றது. சாப்பாட்டுக்கும் அவர் வரவில்லை. பதிவேட்டில் பேர் இல்லாவிட்டால் என்ன, ஒரு கரண்டி சோற்றில் என்ன குறைந்துவிடும் என்று சமையல்கார அக்கா தூக்கில் எடுத்துக்கொண்டு போனாள். "யார் பேர்ல இத எட்த்தாந்த?" என்று கேட்டாராம். மூன்று நாள் கொண்டுபோனாள். மூன்று நாளும் திரும்பி வந்தது. மரத்தடிக்காவது வந்து உட்காருங்கள் என்று மற்ற பெரியவர்கள் போய்க் கூப்பிட்டதற்கும் அவர் வரவில்லை. சாப்பிடுகிற இடத்தில் சாப்பிடாதவன் வந்து உட்கார்ந்தால் உங்களுக்குத்தான் சங்கடம் என்றாராம். அந்த வருட மழையில் ஏரி எத்தனை அடி என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அவரவர் ஒன்று சொன்னார்கள்.

கரையோரம் கீரை பறித்து விற்றார், எங்கேயோ மாடு பார்த்துக்கொண்டார், இருந்ததைக் காய்ச்சிக் குடித்தார் என்று கேள்வி. அடுத்த ஆடிக்கும் இரண்டு படி கேழ்வரகு கொடுத்தார். எப்படிச் சேர்த்தார் என்று எனக்குத் தெரியாது. நினைத்துப் பார்க்கவும் பிடிக்கவில்லை. ஐப்பசி அடைமழையில் காய்ச்சல் கண்டு, நாலாம் நாள் போய்விட்டார். பட்டினியால் செத்தார் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் காய்ச்சலைத் தாங்க அவர் உடம்பில் எதுவும் மிச்சம் இருக்கவில்லை. மகனுக்கு எங்கே சொல்லியனுப்புவது என்று தெரியாமல், சாயங்காலம் வரை காத்திருந்துவிட்டுப் பங்காளி மகன் ஒருவன் கொள்ளி வைத்தான்.

மகன் தை மாதம் வந்தான். மையத்துக்கு நேராக என்னைத் தேடிக்கொண்டு வந்தான். கையில் ஒரு பை, பக்கத்தில் மனைவி, அவள் இடுப்பில் குழந்தை. காலனியில் சாவுச் சேதி கேட்டு அழுதுவிட்டுத்தான் வந்திருந்தான், கண் வீங்கியிருந்தது. தாத்தா சோற்றை விட்ட கதையை அங்கே யாரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. என்னைப் பார்த்ததும் கும்பிட்டான்.

"நம்மூர் ஆளு ஒர்த்தரு ரெண்டு வருசம் முன்னாடி பாரிஸ் கார்னர்ல பாத்தாரு டீச்சரம்மா. ஒங்கப்பாவுக்கு இன்னாடா, ஸ்கூல்ல தெனம் சாப்பாடு போடறாங்க, நல்லா கீறாருன்னாரு. அதக் கேட்டப்புறம்தான் எனக்குத் தூக்கமே வந்துது. இல்லாங்காட்டி அப்பவே ஓடியாந்து இட்டுக்கினு போயிருப்பேன். ஒரு வூடு புட்ச்சிட்டு, அப்புறமா வந்து இட்டுக்கினு போலாம்னு இருந்துட்டேன்" என்றான். பிறகு, "கடைசி வரிக்கும் வந்து சாப்ட்டாராம்மா?" என்று கேட்டான்.

சமையல்கார அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள். அவன் மனைவி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டார்ப்பா" என்றேன். "கடைசி வரைக்கும் வந்தார்."

அவன் விழுந்து என் காலைத் தொட்டான். தடுக்க எனக்குத் தெம்பில்லை.

இப்போது எனக்கு அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடமாகிறது. எனக்கும் ஒரு மகன், அவனும் வெளியூரில்தான் இருக்கிறான். மதகுத் தாத்தாவின் மகன் வருடத்துக்கு ஒரு முறையாவது ஊருக்கு வருகிறான். வரும்போதெல்லாம் எங்கள் வீட்டு வாசலில் நிற்காமல் போவதில்லை. தலை நரைத்துவிட்டது. போன தடவை பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தான். "இவங்கதான் எங்கப்பாவுக்குச் சோறு போட்ட டீச்சரம்மா, கும்புட்டுக்கோ" என்று அவன் சொல்ல, அந்தப் பையன் இரண்டு கையையும் சேர்த்து என்னைக் கும்பிட்டான். நான் அவன் தலையில் கை வைத்து, "நல்லா இருப்பா" என்றேன்.