புளியும் வெல்லமும் போட்ட சாசேஜ் குழம்பு

எனக்குப் பாப்பாரப்பட்டி ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, என் கணவருக்கு வடக்கே எங்கோ ஒரு பனிமலையில் பட்டாள வேலை. எண்பதுகளின் நடுவில், எங்களுக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஓடியிருந்தன. சேர்ந்து வாழ்ந்த நாட்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு மழைக்காலம்கூடத் தேறாது. பகலெல்லாம் ஊர் முழுக்க என்னிடம் பேசும். வயிற்றுவலி, பிள்ளைப்பேறு, மாமியார் கொடுமை என்று எல்லாக் கதையும் என் காதுக்கு வந்துவிடும். சாயங்காலம் பூட்டைத் திறந்து உள்ளே போனால், கேட்பதற்குப் பம்பு ஸ்டவ்வின் இரைச்சல் ஒன்றுதான்.

நான் குடியிருந்தது ஒரு புளி மண்டிக்காரர் வீட்டின் பின்கட்டில். முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். அவர் சமையலறைக்கும் என் சமையலறைக்கும் நடுவே இடுப்பு உயரத்துக்கு ஒரு கொல்லைச் சுவர். அந்தச் சுவர்தான் எனக்கு ஊர், உறவு எல்லாம். அதன்மேல் வெள்ளிக்கிழமை சேமியா வரும், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வரும். எது வந்தாலும் கிண்ணத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது அந்தச் சுவரின் சட்டம். நான் ராகிக் களியோ, கடலை உருண்டையோ, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையோ போட்டு அனுப்புவேன். என் சமையலை அக்கா புகழ்ந்ததில்லை. “தின்னலாம்” என்பார். எனக்கு அதுவே போதும்.

ஒருமுறை லீவுக்கு வந்த என் கணவர் கேன்டீனிலிருந்து ஒரு டப்பா சாசேஜ் கொண்டுவந்தார். அவருடைய மெஸ் சமையல்காரர் அதை நறுக்கிப் போட்டு, வினிகரும் சர்க்கரையும் சேர்த்து, இனிப்பும் காரமுமாக ஒரு குழம்பு வைப்பாராம். சொல்லும்போதே இவருக்கு நாக்கில் எச்சில் ஊறும். அந்தத் தடவை செய்ய நேரம் அமையவில்லை. பொங்கலுக்கு வந்து தானே செய்து தருவதாகச் சொல்லி டப்பாவைப் பரண்மேல் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “பன்னிக்கறி அது. அந்தக்கா கண்ணுல பட்டுடப் போவுது” என்றார். டப்பாவின் மேல் ஒரு கொழுத்த பன்றி சிரித்துக்கொண்டிருந்தது.

பொங்கல் வந்தது. அவர் வருவதற்கு முந்தின வாரமே நான் ஆரம்பித்துவிட்டேன். பாப்பாரப்பட்டியில் வினிகருக்கு எங்கே போவது? புளியும் வெல்லமும் போட்டால் ஒத்துப்போகும் என்று என் மூளை சொன்னது. அக்காவிடம் கேட்டேன். மண்டியிலிருந்து கொட்டை எடுத்த புதுப்புளியும் ஒரு அச்சு வெல்லமும் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, என்ன செய்யப் போகிறேன் என்று விசாரித்தார். என் வீட்டுக்காரர் வருகிறார், கறி போட்டு ஒரு குழம்பு வைக்கப் போகிறேன் என்று சொல்லிவைத்தேன். அக்கா சிரித்தார். குழம்பில் ஒரு கிண்ணம் இந்தப் பக்கம் வந்தாக வேண்டும் என்றார். யோசிக்காமல் நானும் தலையாட்டிவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை சேமியா வந்த கிண்ணம், விளிம்பில் பூவேலை செய்த பித்தளைக் கிண்ணம், என் அலமாரியில் இருந்தது. சனிக்கிழமை தந்தி வந்தது. லீவு ரத்து.

நான் அழவில்லை. எரிச்சல்தான் வந்தது. அவர்மேல், பட்டாளத்தின்மேல், தந்தி கொண்டுவந்த மனிதர்மேல்கூட. ஞாயிற்றுக்கிழமை, அவர் வந்திருக்க வேண்டிய நாள், பரணிலிருந்து டப்பாவை இறக்கினேன். வராதவருக்காக எதற்கு எடுத்து வைப்பது? டப்பா திறக்கிற கருவி கிடையாது. கத்தியை நிறுத்தி அம்மிக்குழவியால் தட்டித் திறந்தேன். உப்புத் தண்ணீருக்குள் விரல் நீளத்தில், வெளிர் சிவப்பில், வழவழவென்று கிடந்தன. எங்கள் வீட்டில் யாரும் தொட்டிராத கறி. என் அம்மா பார்த்திருந்தால் குளத்தில் இறக்கி முழுக்காட்டியிருப்பார்.

துண்டு துண்டாக அரிந்து வாணலியில் போட்டேன். எண்ணெயே தேவைப்படவில்லை, அதன் கொழுப்பிலேயே பொரிந்து ஓரமெல்லாம் சிவந்தது. எடுத்து வைத்துவிட்டு அதே கொழுப்பில் கடுகு, கறிவேப்பிலை, கிள்ளிய மிளகாய், உரித்த சின்ன வெங்காயம். வெங்காயம் வதங்கியதும் தக்காளி, மல்லித்தூள், மிளகாய்த்தூள். பிறகு கெட்டியாகக் கரைத்த புளி. அது கொதித்துப் பச்சை வாடை போன பிறகு வெல்லத்தைத் தட்டிப் போட்டு, கடைசியில் கறித்துண்டுகளைச் சேர்த்தேன். குழம்பு சுண்டிப் பளபளவென்று மின்னியது. வாசனையோ வீட்டைத் தாண்டிவிட்டது.

“வாசன ஊரத் தூக்குதே நர்ஸம்மா” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் கேட்டது.

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஸ்டவ்வை அணைத்தேன். அலமாரியில் அவருடைய கிண்ணம். அதில் இந்தக் குழம்பைப் போடுவது நினைக்கக்கூடாத காரியம். இது என்ன கறி என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவர் கொடுத்த புளி, அவர் கொடுத்த வெல்லம், அவர் வீட்டுக் கூரை. அந்த வார்த்தையை அந்தச் சுவருக்கு மேலே எப்படி எடுத்து வைப்பது? வேறெதையாவது போட்டுக் கொடுக்கலாமென்றால், மணக்க மணக்கக் குழம்பு வைத்துவிட்டு நாலு வாழைப்பழத்தை நீட்டினால் என்ன நினைப்பார்? யோசித்து யோசித்துச் சோறு ஆறிப்போனது.

தனியாகச் சாப்பிட்டேன். குழம்பு அருமையாக இருந்தது, அதுதான் கொடுமை. முதலில் வெல்லம், பின்னாலேயே புளி, தொண்டையில் காரம், கடித்தால் உப்பு. நன்றாக இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. நன்றாக இல்லை என்று சொல்லவும் ஆளில்லை. டப்பாவைப் பேப்பரில் சுற்றி, கொல்லைக் கோடியில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான குப்பைக்குழியில் போட்டேன்.

அதற்குப் பிறகு சுவரின்மேல் எதுவும் வரவில்லை.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பார்த்தால் சாப்பிட்டாச்சா என்பார், தண்ணீர் வந்ததா என்பார். அவ்வளவோடு சரி. ஒரு கிண்ணம் குழம்புக்கு இத்தனை கோபமா என்று முதலில் எனக்கும் கோபம் வந்தது. பிறகு கோபம் கரைந்து பயமாகிவிட்டது. கிண்ணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று தினமும் நினைப்பேன். இவ்வளவு நாள் கழித்து எதைப் போட்டுக் கொடுப்பது என்று தள்ளிப்போடுவேன். தள்ளிப்போட்டதே பெரிய குற்றமாக வளர்ந்து நின்றது. அதை வீட்டில் எங்கே வைத்தாலும் என் கண்ணிலேயே பட்டது.

ரம்ஜான் மாதம் வந்தது. தெருவில் எல்லா வீட்டுக்கும் நோன்புக் கஞ்சி தூக்குவாளியில் போனது. எனக்கும் வந்தது, ஆனால் தொன்னையில். குடித்துவிட்டுத் தூக்கிப் போடுகிற இலைத் தொன்னை. திருப்பிக் கொடுக்க ஒன்றுமில்லை. இனி உன்னிடமிருந்து எதுவும் வேண்டாம் என்கிறார் என்று புரிந்துகொண்டேன். அந்த வீட்டில் நான் அழுதது அன்றைக்குத்தான், என் கணவரின் லீவு ரத்தானதற்குக்கூட இல்லை.

அதே கோடையில் எனக்குச் சித்தேரிக்கு மாற்றல் வந்தது. மலைமேல், ஒற்றை நர்ஸ், பஸ்ஸும் எப்போதாவதுதான். சாமான்களைக் கட்டி முடித்ததும் கிண்ணம் மட்டும் மிஞ்சியது. புளி போட்டு விளக்கினேன். வீட்டில் மிச்சமிருந்தது அக்கா அன்றைக்குக் கொடுத்த வெல்லத்தில் பாதி. அதையே கிண்ணத்தில் வைத்துக்கொண்டு முன்கட்டுக்குப் போனேன்.

அக்கா கிண்ணத்தைப் பார்த்தார். கை நீட்டவில்லை. மெல்லக் கேட்டார்.

“இதுலதான அதப் போட்டுத் தின்னீங்க?”

“எதக்கா?”

“டப்பாவப் பாத்தேன் நர்ஸம்மா. கோழி கிளறி இழுத்துப் போட்டுது. அது உங்க சாப்பாடு, அதுல நான் சொல்ல ஒண்ணுமில்ல. கிண்ணம் திரும்பி வரல. செரி, தெரியாம இதுல போட்டுட்டாங்க, எப்படித் திருப்பறதுன்னு தவிக்கறாங்கன்னு விட்டுட்டேன். இன்னொரு கிண்ணம் குடுத்தா இதக் கேக்கற மாதிரி ஆயிடும். அதான் எதுவும் அனுப்பல. கஞ்சியக்கூடத் தொன்னையில குடுத்தேன்.”

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்தேன்.

“இல்லீங்கக்கா. இதுல எதுவுமே போடல. போடக் கூடாதுன்னுதான் காலியாவே வெச்சிருந்தேன்.”

அக்கா கிண்ணத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, விளிம்பை முந்தானையால் துடைத்தார்.

“ஒரு கல்லு உப்பு போட்டுக் குடுத்திருந்தாலும் வாங்கியிருப்பனே.”

உள்ளே போய் வெல்லத்தைக் கொட்டிவிட்டு, அதே கிண்ணம் நிறையப் புளி கொண்டுவந்தார். மலையில் நல்ல புளி கிடைக்குமோ கிடைக்காதோ என்றார். திருப்பிக் கொண்டுவந்து தரும்போது காலியாக வேண்டாம் என்றும் சொன்னார்.

சித்தேரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கிண்ணத்தை மடியில் வைத்திருந்தேன். பஸ் ஒவ்வொரு வளைவில் திரும்பும்போதும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். என் கணவர் வராததை என்னால் தாங்க முடிந்தது, அது பட்டாளத்தின் உத்தரவு. இடுப்பு உயரச் சுவருக்கு அந்தப் பக்கம் எனக்காக ஒருத்தி சும்மா இருந்திருக்கிறாள், இந்தப் பக்கம் அவளுக்காக நான் சும்மா இருந்திருக்கிறேன். அத்தனை மாதமும் நாங்கள் இருவரும் தனித்தனியாகச் சாப்பிட்டிருக்கிறோம். அதை மட்டும் தாங்க முடியவில்லை.