அக்காவுக்குப் பூக்கட்டிப் பார்த்தது

கடவுள் இல்லை என்று நான் அக்காவிடம் முதன்முதலாகச் சொன்னபோது அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "சரி, இல்ல. போய் அந்த மஞ்சத்தூள எடுத்துட்டு வா" என்றாள். பெரிய சண்டைக்குத் தயாராகப் போயிருந்த எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அக்கா தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவள். நான் அரியாங்குப்பத்தில் வீடு கட்டிக்கொண்டு, தினமும் பாலத்தைத் தாண்டி ஊருக்குள் அலுவலகத்துக்குப் போய்வருகிற குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அவள் வீட்டில். அங்கேதான் விவாதமும் நடக்கும். ஒரு படகு கவிழ்ந்து இரண்டு பேர் செத்த வாரத்தில் கேட்டேன்: காற்று வரப்போவது அம்மனுக்குத் தெரியும், தடுக்கவும் முடியும், பிள்ளைகள் மேல் பாசமும் உண்டு என்கிறாய். மூன்றும் உண்மையென்றால் படகு எப்படிக் கவிழ்ந்தது? அக்கா என் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள். இன்னொரு நாள் வேறு பக்கம் போனேன். பிழைத்து வந்தால் ஆத்தா காப்பாற்றினாள், வராவிட்டால் ஆத்தா அழைத்துக்கொண்டாள் என்கிறாய். எது நடந்தாலும் அவள்தான் என்றால், அவள் இருப்பதற்கும் இல்லாததற்கும் என்ன வித்தியாசம்?

"ஒனக்கு வாய் நீளம். மீனத் துன்னு" என்றாள்.

அதையெல்லாம் என் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். அந்த வயதில் எனக்கு அவ்வளவு புத்திதான். ஐம்பதைத் தாண்டியும் பெரிதாகக் கூடிவிடவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஊசியால் உறிஞ்சிச் சோதித்தார்கள். முடிவு திட்டமாக இல்லை. வெட்டி எடுத்துப் பார்த்தால்தான் புற்றா இல்லையா என்று தெரியும் என்றார் டாக்டர். குரலுக்குப் போகிற நரம்பு பக்கத்திலேயே இருக்கிறது, அது கெடுவது அபூர்வம், ஆனால் கெடலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

"கொரலு பூட்டா நான் ஏலக்கூடத்துல இன்னாடா பண்ணுவேன்?" என்று அக்கா கேட்டாள். மூன்று வாரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைத் தவிர உடன்பிறந்தவர் யாரும் கிடையாது. புற்றாக இருந்துவிடுமோ என்ற பயத்தில் என் தூக்கமே போய்விட்டது.

கடைசியில் அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றாள். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். இரண்டையும் அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் ஆபரேஷன், சிவப்பு வந்தால் வேண்டாம். வழக்கமாகச் சின்னக் குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். தன் கழுத்து, தானே எடுப்பேன் என்றாள். ஆனால் பொட்டலம் கட்டுவது நான்தான் என்று அடம்பிடித்தாள்.

"பக்திக்காரன் கட்டுனா அவன் மனசுல ஒண்ணு இருக்கும். நீதான் சாமியே இல்லன்றவன். எந்தப் பக்கமும் சாய மாட்ட."

நான் இரண்டு வாழையிலைத் துண்டிலும் வெள்ளை அரளியையே வைத்து நாரால் கட்டினேன். சந்தேகப்படவே முடியாத ஒரு பதிலைத் தயார் செய்கிறோம் என்பது அப்போது உறைக்கவில்லை.

வெள்ளை வந்தது. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். மற்ற பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, பாலத்தில் வண்டியை நிறுத்தி ஆற்றில் வீசினேன்.

கட்டி சாதாரணக் கட்டிதான். குரல் திரும்பவில்லை. காற்று மட்டும் வருகிறது. ஏலத்தை இப்போது வேறொருத்தி விடுகிறாள். அக்கா பின்னால் உட்கார்ந்து இறால் தரம் பிரிக்கிறாள். டாக்டர் மேல் கோபமில்லை, யார் மேலும் இல்லை. கேட்பவர்களிடம் ஆத்தா சொன்னாள், செய்தோம் என்கிறாள்.

அம்மனிடம் நான் கேட்ட கேள்வியை என்னிடமே கேட்டுப் பார்த்திருக்கிறேன். பாசம் இருந்தது. தடுக்க முடிந்திருக்கும். தெரியாதது மட்டும்தான் குறை, தெரிந்தவனைப்போல நடந்துகொண்டேன். உண்மையைச் சொல்லப் பல ஞாயிறு வாயெடுத்தேன். ஏலம் விடுகிற வேலை போனபின் அவளுக்கு மிச்சம் இருப்பது ஆத்தா சொன்னாள் என்கிற அந்த ஒரு சொல்தான். அதையும் பிடுங்க எனக்குத் தைரியமில்லை. வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்தேன். பக்கத்தில் உட்காரச் சொல்லிச் சைகை செய்தாள். காதருகே வந்து கேட்டாள்.

"ஏன்டா, ஆத்தாவே தப்பா சொல்லியிருப்பாளா?"

இத்தனை வருடமாக அவள் கேட்க வேண்டும் என்று நான் காத்திருந்த கேள்வி. என் வாதங்கள் எல்லாம் கைவசம் இருந்தன. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அவ தப்பா சொல்ல மாட்டாக்கா" என்றேன்.

அக்காவுக்கு முகம் தெளிந்தது. என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"நீயே சொல்லிட்ட. அப்ப சரியாத்தான் இருக்கும்."