டாக்டரம்மா கேட்டது

எனக்கு அப்போது ஒன்பது வயது. மலாயாவில், ஸ்கூடாய் ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில், அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான அத்தை, நான் என்று நாலு பேர் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீடொன்றில் இருந்தோம். அத்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அவளில் பாதியையும் கொண்டுபோயிற்று. பேசிக்கொண்டிருக்கும்போதே உறைந்துவிடுவாள். சோற்றுக் கவளம் கையிலேயே நிற்கும். முனி அறைந்துவிட்டது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். பிள்ளைகளை எங்கள் வீட்டுப் பக்கம் விடவில்லை.

பயமில்லாமல் வந்தவர் டாக்டரம்மா மட்டும்தான். சுவீடன் நாட்டுக்காரர். மனித மூளையை ஆராயப் படித்தவர். அவர் ஊரில் அந்தப் படிப்புப் படித்த முதல் பெண்களில் ஒருவராம். படித்து முடித்ததும் பொம்பளைக்கு இங்கே வேலையில்லை என்று சொல்லிவிட்டார்களாம். அதனால்தான் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி அவருக்கு வாய்த்தது என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சொன்னார்.

தினமும் மத்தியானம் வந்து அத்தையின் எதிரே உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் வரைவார். ஒருநாள் நான் விளையாட்டாக விறகுக் குச்சிகளை அத்தையின் முன்னால் வரிசையாகப் போட்டேன். தரையோடு ஒட்டிக்கிடந்த கால் எழுந்தது. ஒவ்வொரு குச்சியாகத் தாண்டி அத்தை வாசல்வரை நடந்தாள். டாக்டரம்மா என்னைத் தூக்கிச் சுற்றினார். மறுநாள் பெட்டிக் கேமராவைக் கொண்டுவந்து அத்தையைப் படமெடுத்தார்.

அவருக்குத் தமிழ் வராது. அரைகுறை மலாய் பேசுவார். பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்துப் பிள்ளைகளோடு விளையாடி நான் மலாய் கற்றிருந்ததால் வீட்டில் நானே மொழிபெயர்ப்பாளர். அந்த உச்சரிப்பு எனக்கு மட்டுமே விளங்கும் என்ற கர்வம் எனக்கு நிறைய இருந்தது.

மழைக்காலத்தில் அத்தைக்கு விழுங்க முடியாமல் போயிற்று. ஆஸ்பத்திரியில் ஒரு காலை வேளையில் இறந்தாள். டாக்டரம்மா சிவந்த கண்களோடு வெளியே வந்து, அப்பாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். மூளை என்ற சொல்லும் எடுப்பது என்ற சொல்லும் எனக்குப் புரிந்தன. படமெடுக்கவும் மலாயில் அதே சொல்தான்.

"அத்தையோட மூளையைப் படம் எடுக்கணுமாம்பா."

அம்மா முகம் சுளித்தாள். "செத்தப்புறமும் என்ன படம்?"

அப்பா டாக்டரம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். "எடுத்துக்கட்டும்," என்றார்.

சாயங்காலம் உடல் வீட்டுக்கு வந்தது. தலையில் வெள்ளைத் துணி இறுக்கிச் சுற்றியிருந்தது. குளிப்பாட்ட உட்கார்ந்த அம்மா துணியை அவிழ்த்தாள். தலையைச் சுற்றித் தையல் போட்டிருந்தது. அவள் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது.

"என்னாடி சொன்னே நீ? அந்த அம்மா என்னா கேட்டாங்க, நீ என்னா சொன்னே?"

அப்பா என்னைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டார். "சின்னப் புள்ள. அதுக்கு என்னா தெரியும்? விடு."

டாக்டரம்மா மறுநாள் வந்தார். அம்மா கதவைச் சாத்திவிட்டாள். வெகுநேரம் வெளியே நின்றுவிட்டுப் போனார். சில மாதங்களில் ஊருக்கே கிளம்பிவிட்டார். அங்கே பிறகு அவருக்குப் பெரிய பதவி கிடைத்ததாம். அத்தையின் நோயைப் பற்றி எழுதியதுதான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததாம். இதையும் கிராணிதான் சொன்னார். அம்மா சாகும்வரை அத்தையின் பேச்சை என்னிடம் எடுக்கவில்லை. அத்தையை முழுசாக அனுப்பவிடாமல் செய்தவள் நான் என்றே நானும் நம்பி வளர்ந்தேன்.

அப்பாவும் போய்ப் பல வருஷங்களுக்குப் பிறகு, ஒருநாள் ஸ்கூடாய்ச் சந்தையில் ஒரு மலாய்க்காரர் கசாப்புக் கடையில் ஆட்டு மூளை கேட்டேன். மூளைக்கான அந்த மலாய்ச் சொல் வாயில் வந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். வாரந்தோறும் அப்பாவும் இதே சந்தையில் மலாயில் பேரம் பேசியவர். ஆட்டு மூளை வாங்கியவர். டாக்டரம்மா கேட்டதில் ஒரு சொல்கூட அவருக்குப் புரியாமல் இருந்திருக்காது.

தங்கையை அறைந்தது முனியில்லை என்று யாராவது கண்டு சொல்லவேண்டும் என்று அவர் நினைத்திருக்கலாம். அம்மாவிடம் நேராகக் கேட்கும் தைரியம் அவருக்கு இல்லை. என் தப்பு அவருக்கு வசதியாக வந்தது. அன்று என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டபோது அவர் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் மேல் உள்ள கோபம் என்றுதான் நான் நினைத்தேன்.